விமானந்தாங்கிக் கப்பலும் அன்றாட வாழ்வும்: கடற்படை முதுவீரர் நினைவுரைகள் பற்றிய ஒரு நோக்கு

போரைப் பாடிய புலவர் தமிழிற் பலர். போர் நிகழாத வேளையில் வீரன் எதனை உண்டான், எங்கே உறங்கினான், எதனைக் கண்டு நகைத்தான் என்பவற்றைப் பாடியோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் முல்லைப்பாட்டினை இயற்றிய நப்பூதனார். 103 அடிகளே கொண்ட அச்சிறு பாட்டில் ஒரு பாசறை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. காட்டை அழித்து முள்வேலி இட்ட இடம். தெருக்களாக அமைந்த கூடாரங்கள். உணவை உண்ண மறுக்கும் யானையை வடமொழிச் சொற்கூறி உண்பிக்க முயலும் பாகர். இரவெல்லாம் விளக்கின் திரியைத் தூண்டும் பெண்கள். நீர்வட்டிலை நோக்கிப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கர். இவற்றினிடையே உறங்காத அரசன் ஒருவன், புண்பட்ட யானைகளையும் புல்லுண்ணாத குதிரைகளையும் எண்ணிக் கிடக்கின்றான். போர் நாளையே நிகழவுள்ளது. பாட்டில் அது நிகழவில்லை.

முல்லைப்பாட்டினை உயர்தர வகுப்பிற் பலமுறை கற்பித்த யான், சில ஆண்டுகளாகப் பிறிதொரு வகை எழுத்தினைத் தற்செயலாகப் படிக்கலானேன். அது, விமானந்தாங்கிக் கப்பல்களிற் பணியாற்றி முதுமையெய்திய கடற்படையினர் தம் கப்பல் வாழ்க்கையைப் பற்றி எழுதியும் சொல்லியும் வைத்துள்ள நினைவுரைகளாகும். கடலைக் காண ஒரு நாட் பயணம் வேண்டிய கனகராயன்குளத்தில் இருந்துகொண்டு இவற்றை ஆராய்வது பொருந்துமா என ஐயுறுவோர் உளராயின், அவர்க்கு இரண்டு கூறுவேன். எங்கள் ஊரின் பெயர்கொண்ட ஆறு இரணைமடுவை அடைந்து, பின்னர்ச் சுண்டிக்குளக் களப்பின் வழியே கடலையே சேர்கின்றது என்பது ஒன்று. அது விளையாட்டுரை. இத்தகைய கப்பல்களின் வரலாற்றில் ஒரு முதன்மையான ஏடு நமது கிழக்குக் கடலின் அடியிலேயே கிடக்கின்றது என்பது மற்றொன்று.

1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோ என்னும் தளபதியின் கீழ் வந்த 5 யப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 ஆந் திகதி அவை திருகோணமலையைத் தாக்கின. முன்னறிவிப்புக் கிடைத்தமையால் முதல்நாளிரவே துறைமுகத்தை விட்டு நீங்கிய கப்பல்களுள் ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கியும் ஒன்று. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்டுக் கட்டப்பெற்ற கப்பல்களுள் உலகிலேயே காலத்தால் முந்தியவற்றுள் அது ஒன்றாகும். 1919 இல் நீரில் இறக்கப்பெற்று 1924 இற் பணியிற் சேர்ந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய வேவு விமானம் அதனைக் கண்டுகொண்டது. முற்பகலில் வந்த குண்டுவீச்சு விமானங்களின் தாக்குதலில் அது விரைவிலேயே மூழ்கியது. இறந்தோர் 307 பேர். கப்பற்றலைவரும் அவருள் ஒருவர். உடன்சென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. அருகே வந்த வைற்றா என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. அன்று ஹேர்மீஸின் மேற்றளத்தில் ஒரு விமானமேனும் இல்லை. அதன் விமானங்கள் தரையில் விடப்பட்டிருந்தன. விமானம் இல்லாத விமானந்தாங்கியாகவே அது மடிந்தது.

இந்நிகழ்ச்சியைப் போர்வரலாற்று நூல்கள் ஒரு பக்கத்திற் சொல்லி முடிக்கின்றன. உயிர்தப்பியோரின் நினைவுரைகளோ வேறு வகையானவை. அவற்றில் தாக்குதலுக்குரிய இடம் சிறிது. அதற்கு முந்திய மாதங்களுக்குரிய இடம் பெரிது. வெப்பமண்டலக் கடலில் இரும்புத் தளத்தின் கீழ் உறங்க இயலாமை, வேர்க்குரு, உப்புநீரில் நுரை தராத சவர்க்காரம், உணவுமேசைக்கு மேலேயே கட்டித் தொங்கவிடும் துணித்தொட்டில், இரவுக் காவலின்போது குடித்த கட்டிக் கொக்கோ: இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. முதலிற் படிப்போர்க்கு இது சலிப்பூட்டும். எனக்கும் சலிப்பூட்டியதுண்டு. ஆயினும் இச்சலிப்பே நாம் ஆராயவேண்டிய பொருளாகும்.

விமானந்தாங்கி என்பது ஒரு கப்பலன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு ஊர்கள் எனலாம். மேலூரில் விமானிகளும், விமானங்களைத் தள்ளி நிறுத்துவோரும், இரு கைகளிலும் மட்டைகளை ஏந்தி இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் அதிகாரியும் வாழ்வர். கீழூரில் கொதிகலன் காப்போர், சமையற்காரர், குண்டு அடுக்குவோர், மருத்துவ உதவியாளர் வாழ்வர். கீழூரார் தம் கப்பலிலிருந்து விமானம் எழுவதைப் பல நாள் காணார்; தலைக்குமேல் எழும் அதிர்வினாலேயே எழுந்ததையும் இறங்கியதையும் அறிவர். ஒரே கப்பலின் ஒரே நாளைப் பற்றிய இருவர் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமைக்குக் காரணம் பொய்யன்று, தளவேறுபாடே.

நூல் எழுதியோர் பெரும்பாலும் மேலூரார். சாள்ஸ் லாம் 1977 இல் வெளியிட்ட, சுவோட்பிஷ் விமானங்களைப் பற்றிய நூலும், நோமன் ஹன்சன் 1979 இல் வெளியிட்ட, கோசயர் விமானியின் நினைவுரையும் இவ்வகையிற் பெயர்பெற்றவை. ஹன்சன் பணிபுரிந்த இலஸ்றியஸ் என்னும் கப்பல் 1944 இல் திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்தது. அங்கிருந்தே அது அமெரிக்கக் கப்பலான சரற்றோகாவுடன் கூடி, ஏப்பிரில் 19 இல் சபாங்கையும், மே 17 இல் சுரபாயாவையும் தாக்கச் சென்றது. கோசயரின் மூக்கு நீண்டது. இறங்கும் விமானிக்கு எதிரிலுள்ள தளத்தை அது மறைத்துவிடும். ஆகவே இறங்குதல் ஒவ்வொன்றும் அச்சத்தின் பாற்பட்டது. இந்த அச்சத்தை மறையாது கூறுவதே இத்தகைய நூல்களின் சிறப்பு. கீழூராரின் சொற்களோ நூலாகாமல் ஒலிப்பதிவாகவே எஞ்சின. இலண்டனிலுள்ள போர் அரும்பொருட்சாலை 1972 முதல் ஒலிப்பதிவுகளைச் சேர்த்துவருகின்றது. எழுதத் தெரிந்தவன் எழுதினான். மற்றவனிடம் எவரோ ஒருவர் சென்று கேட்கவேண்டியிருந்தது.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளை இங்கே துணையாகக் கொள்ளலாம். அதிகாரிகளின் நூல்களிற் பெருமிதம் ஓங்கி நிற்கும். தறுகணும் புகழும் பெருமிதத்தின் நிலைக்களன்கள் ஆதலின் அது இயல்பே. கீழ்த்தளத்தார் கூற்றிலோ நகையும் இளிவரலும் மிகுதி. தம்மைத் தாமே எள்ளி நகைத்தல், தம் பேதைமையைத் தாமே கூறல் என்பன அங்கே நிறைந்துள்ளன. முதற்புயலில் வாந்தியெடுத்த வாளியை மேலதிகாரியின் காலில் கவிழ்த்தமை போன்ற கதைகள் ஒவ்வொரு கப்பலிலும் ஒன்று உண்டு. இவற்றுள் எத்துணை மெய், எத்துணை கப்பலுக்குக் கப்பல் தாவிய கதை என்பது ஆராயத்தக்கது.

கதை தாவுவதற்கு அமெரிக்கரின் பனிக்கூழ் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கடற்படையில் 1914 முதல் மது விலக்கப்பட்டிருந்தது. பிரித்தானியக் கடற்படையிலோ நாள்தோறும் அளந்து வழங்கிய றம் 1970 யூலை 31 வரை நிலைத்தது. மதுவில்லாத கப்பலிற் பனிக்கூழே பெருஞ்செல்வம். கடலில் விழுந்த விமானியை நாசகாரிக் கப்பல் மீட்டுத் தந்தால், அதற்கு ஈடாக விமானந்தாங்கி பனிக்கூழ் அனுப்பும் என்பது பல கப்பல்களைப் பற்றியும் கூறப்படுகின்றது. 1942 மே 8 இல் பவளக்கடற் போரில் லெக்சிங்டன் மூழ்கவிருந்த வேளையில், கப்பலைக் கைவிடுமுன் மாலுமிகள் பனிக்கூழை இரும்புத் தொப்பியில் அள்ளி உண்டனர் என்பதும் அவ்வாறே புகழ்பெற்ற கதை. இக்கதையைச் சொல்வோர் எல்லோரும் அதனைத் தாமே உண்டிருப்பார் என நான் நம்பவில்லை. ஆயினும் மூழ்கும் கப்பலைப் பற்றிக் கேட்போர்க்கு முதலிற் சொல்லத் தோன்றியது தீயன்று, பனிக்கூழ் என்பது கருதத்தக்கது.

நினைவு பொய்க்கும் இடத்தைக் காண வேண்டின் யப்பானியர் பக்கம் செல்லவேண்டும். கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய விமானங்களுக்குத் தலைமை தாங்கிய மிற்சுவோ புச்சிடா, போருக்குப் பின்னர் ஒக்குமியா என்பவருடன் சேர்ந்து மிட்வேப் போர் பற்றி ஒரு நூல் எழுதினார். யப்பானிய மொழியில் 1951 இலும் ஆங்கிலத்தில் 1955 இலும் அது வெளிவந்தது. 1942 யூன் 4 இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது, யப்பானிய விமானங்கள் மேற்றளத்தில் அணிவகுத்து நின்றன எனவும், இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருப்பின் அனைத்தும் எழுந்திருக்கும் எனவும் அந்நூல் கூறியது. உலகம் முழுவதும் இதனை நம்பியது, பாடநூல்களும் வழிமொழிந்தன. பின்னர் யப்பானிய அரசின் போர்வரலாறும், 2005 இல் பாஷல், ரல்லி என்னும் இருவர் எழுதிய ஆய்வும் இதனை மறுத்தன. காவல் விமானங்கள் இறங்கியும் ஏறியும் கொண்டிருந்த தளத்தில் தாக்குதல் விமானங்கள் அணிவகுத்து நின்றிருக்க இயலாது. அவற்றுட் பெரும்பாலானவை கீழே கொட்டகையிலேயே இருந்தன என்பது அவர்தம் முடிபு.

புச்சிடா அன்று அக்காகி என்னும் கப்பலில் இருந்தவர். சில நாள்களுக்கு முன்னரே குடல்வால் சத்திரசிகிச்சை பெற்றவர். கண்ணாற் கண்டவரின் சொல் ஏன் தவறியது? தோல்விக்கு ஐந்து நிமிடத்தைக் காரணமாக்கினால், தோற்றவரின் மானம் காக்கப்படும் என்பதே என் கருத்து. ஆகவே, போரின் பெரும்பொருள்களிற் புகழும் பழியும் நினைவின் மடியைப் பற்றி இழுக்கின்றன. சிறுபொருள்களில் இழுப்பார் இல்லை. சத்திரசிகிச்சைத் தையலோடு கட்டிலிற் கிடந்தவன் உணர்ந்த கப்பலின் அசைவு எவர்க்கும் புகழோ பழியோ தராதாதலின், அதனை நாம் பெரிதும் நம்பலாம். சொல்பவனுக்கு எப்பயனும் தராத விவரமே நினைவுரையில் உறுதியான விவரம் என்னும் அளவுகோலை நான் இவ்வாறு பெற்றேன். பனிக்கூழ்க் கதை இவ்வளவுகோலில் முழுதாகத் தேறாது. அது சொல்பவனுக்குக் கேட்போரின் நகையைப் பெற்றுத்தருகின்றது. வேர்க்குருவும் உப்புச் சவர்க்காரமும் தேறும்.

இனி, இந்நினைவுரைகளின் பெருங்குறை ஒன்றினையும் கூறவேண்டும். பிரித்தானியக் கப்பல்களில் மால்ற்றாவைச் சேர்ந்த ஏவலரும், கீழைக்கடலிற் சீன வண்ணாரும் பணிபுரிந்தனர். நினைவுரைகளில் அவர்கள் பெயரற்ற நகைச்சுவைப் பாத்திரங்களாக வந்துபோகின்றனர். கரையிறங்கிய பின்னரும் நிலை இதுவே. திருகோணமலை என்றால் வெப்பம், குரங்கு, தென்னை, நீராடத்தக்க வெண்மணற்கரை. அந்நகரில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சலவைக்காரரும் பழம் விற்போருமே சான்று. புத்தளத்திற் கடற்படை விமானத்தளம் ஒன்று இருந்தது. அங்கே கோசயர் விமானங்களை இழுத்து நகர்த்த யானையைப் பயன்படுத்தினர். அதனைக் காட்டும் புகைப்படம் பலராலும் விரும்பிப் பார்க்கப்படுவது. யானையைப் பற்றி அன்போடு எழுதியவர் உளர். பாகனின் பெயரை நான் படித்தவற்றுள் எங்கும் கண்டிலேன். நப்பூதனார் பாகரின் பெயரைக் கூறவில்லைத்தான்; ஆனால் அவர்கள் எம்மொழியிற் பேசினர், யானை உண்ணாதபோது என்ன செய்தனர் என்பவற்றைக் கூறிவிட்டார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான பாட்டு, இருபதாம் நூற்றாண்டின் நினைவுரையினும் இவ்விடத்திற் பரந்த நெஞ்சுடையதாகத் தோன்றுகின்றது.

இந்தியக் கடற்படைக்கும் இத்தகைய எழுத்து உண்டா என்று தேடினேன். 1961 மார்ச்சு 4 இல் பெல்பாஸ்ற்று நகரிற் பணியிற் சேர்ந்த விக்கிராந்த், 1971 திசெம்பரில் வங்காளக் கடலிலிருந்து கொக்ஸ் பசாரையும் சிற்றகொங்கையும் தாக்கியது. அப்போது அதன் கொதிகலன்களுள் ஒன்று பழுதுற்றிருந்தது; வேகம் குறைந்த கப்பலிலிருந்தே விமானங்கள் எழவேண்டியிருந்தன. கிழக்குக் கடற்படைத் தளபதியாக விளங்கிய நீலகண்ட கிருஷ்ணன் எழுதி 1980 இல் வெளிவந்த நூல், போர்த்திட்டத்தை விரிவாகக் கூறுவது. அப்பழுதுற்ற கொதிகலனின் அருகே நின்றவன் என்ன உண்டான், எவ்வாறு உறங்கினான் என்பதை அறிய வேறு வாயில் வேண்டும். அவர்களுட் தமிழரும் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை; தமிழில் அவர் எழுதிய நினைவுரை எதுவும் இன்றுவரை என் கைக்கு எட்டவில்லை. விக்கிராந்த் 1997 இல் ஓய்வுபெற்று, மும்பையில் அரும்பொருட்சாலையாய் நின்று, 2014 இல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பிலிருந்து மோட்டார் சைக்கிள்களும் செய்தனர். மட்டக்களப்பில் மூழ்கிய கப்பலின் பெயரையே தாங்கிய பிறிதொரு ஹேர்மீஸ், 1987 இல் விராட் என்னும் பெயருடன் இந்தியாவுக்கு வந்து, 2017 இல் ஓய்வுற்று, ஆலங்கிலே துண்டாடப்பட்டது. கப்பல்களின் இரும்பு எங்கே சென்றது என்பதை நாம் அறிகின்றோம்.

இவற்றைப் படிக்குந்தோறும் என் உள்ளத்தில் ஓர் இடர்ப்பாடு எழுவதை மறைத்தல் நேர்மையாகாது. விமானி தன் விமானத்தை நேசிக்கின்றான். அதன் பொறியின் ஒலியை இசையென வருணிக்கின்றான். எங்கள் நாட்டில் அவ்வொலியைக் கீழிருந்து கேட்டவர்களே மிகுதி. 1997 இல் ஏ-9 வீதி வழியே போர் வடக்கு நோக்கி வந்தபோது நாங்கள் ஊரை விட்டு நீங்கினோம். அப்போது யான் மாணவன். பொறியின் ஒலி கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடும் பழக்கம் உடலிற் படிந்துவிட்டது. இன்றும் பயணிகள் விமானம் தாழப் பறந்தால் வகுப்பில் என் சொல் ஒரு கணம் தடைப்படும். ஆகவே ஹன்சனின் நூலை நான் நடுநிலையோடு படித்தேன் என்று சொல்லமாட்டேன். சபாங்கிலும் சுரபாயாவிலும் கீழே நின்றவர்கள் யார் என்ற வினாவோடேயே படித்தேன். அவ்வினாவிற்கு விடை அந்நூலில் இருக்கவேண்டும் என எதிர்பார்ப்பது முறையா என்பதையும் பலகால் எண்ணினேன். விமானியின் நினைவுரையிற் கீழே நின்றவனின் கதையைத் தேடுவது, முல்லைப்பாட்டிற் பகைவனின் பாசறையைத் தேடுவதை ஒக்கும். அது அங்கே இராது. அதனைக் கீழே நின்றவனே சொல்லவேண்டும்.

சொல்லியிருக்கின்றோமா? என் பாட்டனார் இளமையில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து வவுனியா விமானத்தளத்துக்காகக் காடு வெட்டிய கூலியாளருள் ஒருவர். அங்கிருந்து எழுந்த விமானங்களைப் பற்றி அவரிடம் ஒரு செய்தியும் இல்லை. வெள்ளையர் எறிந்த விசுக்கோத்துப் பெட்டியின் தகரம் எவ்வளவு தடிப்பு என்பதையும், அதிற் பாட்டியார் பல ஆண்டு உழுந்து வைத்ததையும் மட்டுமே சொல்வார். சிறுவனாகிய எனக்கு அது ஏமாற்றமாயிருந்தது. விமானத்தைப் பற்றிச் சொல்லுங்கோ அப்பு என்று நச்சரிப்பேன். அவர் மீண்டும் தகரத்துக்கே வருவார். மேற்கூறிய அளவுகோலை அன்றே அறிந்திருந்தேனாயின் இன்னும் கேட்டிருப்பேன். அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

ஐந்தாண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பு மாணவரிடம், வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு இடப்பெயர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்தேன். வந்த முப்பத்தொரு கட்டுரைகளுள் முப்பது ஒன்றுபோலவே இருந்தன. சொல்லொணாத் துயரம், ஆறாத வடு, கண்ணீர்க் கடல் என்னும் தொடர்கள் எல்லாவற்றிலும் இருந்தன. அவை மேடையிலும் பத்திரிகையிலும் கேட்டவை, நான் கற்பித்தவையுங்கூட. ஒரு மாணவி மாத்திரம், தன் அம்மம்மா நான்கு இடங்களுக்கு மாறியபோதும் ஒரே பால்பேணியால் அரிசி அளந்ததையும், அயற்கூடாரத்தாருக்குக் கடன் கொடுக்கும்போது பேணியின் விளிம்புவரை நிரப்பி, திருப்பி வாங்கும்போது ஒரு விரல் குறைய வாங்கியதையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். தலைப்புக்குப் புறம்பானது என்று குறித்து, அப்பகுதியைச் சிவப்பு மையாற் குறுக்கே வெட்டினேன்; பதினைந்துக்கு ஆறு புள்ளி இட்டேன்.

அம்மாணவி இப்போது பல்கலைக்கழகத்திற் பயில்கின்றாள். சென்ற தைப்பொங்கலுக்கு ஊர் வந்தவளிடம் அக்கொப்பி இருக்கின்றதா என வினவினேன். இல்லை, சேர், அடுப்பெரிக்கப் போய்விட்டது என்றாள். அம்மம்மா ஓமந்தையிற் சின்ன மகளின் வீட்டில் இருப்பதாகவும், காது சற்று மந்தம், உரக்கக் கேட்கவேண்டும் எனவும் கூறினாள். வரும் பள்ளி விடுமுறையில் ஒலிப்பதிவுக் கருவியொன்றுடன் அங்கே செல்வதாக அவளிடம் சொல்லியிருக்கின்றேன்.